வெளியிட்டவர்: காந்திமதி சிஸ்டம்ஸ்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் ஆபீசுக்கு ஆஸியா வேலை கேட்டு வந்த அன்று நல்ல மழை. நனைந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். டிப்ளமா முடித்துவிட்டுக் குர்லாவில் ஒரு ரிப்பேர் கடையில் ஒன்றரை வருடம் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவள். முதலாளி சங்கரநாராயணன் அண்ணாச்சி மேசையில் செத்துக் கிடந்த ஒரு கம்ப்யூட்டரைக் காட்டி, "இதுக்கு என்னம்மா கேடு?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அவள் மூடியைத் திறக்கவில்லை. பின்பக்கம் மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"சூட்டுல போயிருக்கு அண்ணாச்சி. ஃபேன்ல தூசி அடைச்சிருக்கும்."

திறந்து பார்த்தால் கைப்பிடி அளவுக்குத் தூசி. மறுநாளிலிருந்து என் பக்கத்து நாற்காலி அவளுடையது. பதிமூன்று வருடம் ஓடிவிட்டது.

நான் உமாமகேஸ்வரி. திலக் நகரிலிருந்து வருகிறேன். போன் எடுப்பதும், எந்த இடத்து மெஷினைப் பார்க்க யார் போவது என்று முடிவு செய்வதும் என் வேலை. கம்பெனியின் பெயர் காந்திமதி சிஸ்டம்ஸ். ஆபீஸ்களுக்கும் கிளினிக்குகளுக்கும் கம்ப்யூட்டர் பராமரிப்பு. அண்ணாச்சி, ஆஸியா, நான், வெளிவேலைக்கு இரண்டு மூன்று பேர். எல்லோரும் திருநெல்வேலிச் சீமை, அல்லது அங்கேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகள்.

ஆஸியாவின் வாப்பா முகம்மது ஹனீப் மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அவள் பிறந்து, படித்து, இஜாஸைக் கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் தாராவிக்குள்தான். இஜாஸ் மாஹிமில் ஜிப்பும் பக்கிளும் விற்கிற கடையில் நிற்கிறார். அஃப்ஷா என்று ஒரு மகள். மூன்று பேரும் இரும்பு ஏணி ஏறிப் போகிற ஒரு மாடிக் கோலியில் இருக்கிறார்கள். ஒரே அறைதான் வீடு. கீழ்த்தளம் வேறு ஒருவருடையது.

சூட்டில் மெஷின் சாவது அவளுக்குப் பொறுக்காது. "செத்த பொறவுதான் நம்மள கூப்பிடுதாங்க உமாக்கா. காய்ச்சல் அடிக்கும்போதே தெரிஞ்சா மருந்து குடுக்கலாம்லா" என்பாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அதற்காகவே சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் எழுதினாள். திரையின் மூலையில் பிராசசரின் சூட்டை டிகிரியில் காட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு. அதற்குக் 'காய்ச்சல்' என்றே பெயர் வைத்து, எங்கள் ஐம்பது கஸ்டமர்களின் மெஷினில் போட்டாள். எடுத்துப்போக வசதியாக இருக்கட்டும் என்று இன்டர்நெட்டிலும் இலவசமாகப் போட்டு வைத்தாள். நான்கு மாதம் கழித்துப் போர்ச்சுகலில் இருந்து ஒரு பல் டாக்டர் இமெயிலில் கடிதம் எழுதினார். தன் பழைய மெஷினில் சூடு மைனஸ் பன்னிரண்டு காட்டுகிறதாம். "உங்கள் சாஃப்ட்வேர் அருமை, ஆனால் என் அறையில் பனி பெய்யவில்லை" என்று எழுதியிருந்தார். ஆஸியா அதை எனக்கு வாசித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அது ஏன் என்று அவளே எனக்கு விளக்கியிருக்கிறாள். அவள் பார்த்த சிப்புகள் பலவும் தான் எவ்வளவு சூடாக இருக்கிறேன் என்று சொல்லாதாம். தன் எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்று மட்டும்தான் சொல்லுமாம். எல்லை எது என்பதை நாம் தெரிந்து வைத்திருந்து கழித்துக்கொள்ள வேண்டும். அது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றுக்குக் கம்பெனிக்காரர்களே வெளியே சொல்வதில்லை. அதனால் அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். ஒவ்வொரு சிப்பின் பெயருக்கும் நேரே ஒரு எண். பல் டாக்டரின் சிப்பு அதில் இல்லை. சேர்த்து, புதுப் பதிப்பு போட்டாள். அடுத்த வாரம் வேறு நாட்டிலிருந்து வேறு சிப்பு. பிறகு ஒவ்வொரு வருடமும் இருபது முப்பது புது மாடல்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. வைத்திருக்கிறவர்கள் சோதித்து அனுப்புகிற எண்களை வைத்துப் பட்டியலை நீட்டிக்கொண்டே போனாள்.

அஃப்ஷா பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். ஒரு கையில் பிள்ளை, மறு கையால் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருக்கிறாள். நோன்பு நாட்களிலும் மத்தியானம் அதே வேலை. ஒருமுறை மாத்தேரான் மலைக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்திருந்தார்கள். கிளம்புகிற வாரம் புது வரிசை சிப்புகள் வந்துவிட்டன. இஜாஸ் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு வந்தார். என்னைப் பார்த்து, "அக்கா, எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாக்கூட வாரத்துல ஒரு நாளாவது லீவு குடுப்பா" என்றார்.

"விட்டுத் தொலையேன் ஏளா. சம்பளமா வருது?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"நான் விட்டா அது நின்னு போனா பரவால்லக்கா. நிக்காது. புது சிப்புல பழைய எண்ண வச்சுத் தப்பாக் காட்டும். எழுபதுன்னு நம்பி உக்காந்திருப்பாங்க, அங்க தொண்ணூறு இருக்கும்."

போன வருடம் மார்ச்சில் ஒரு காலை அவள் போனில் கடிதங்கள் மழையாகக் கொட்டின. சிப்பின் சூட்டைப் படிக்க வேண்டுமானால் கம்ப்யூட்டரின் உள்ளறை வரை போய்வர, டிரைவர் என்கிற ஒரு சின்னத் துணை சாஃப்ட்வேர் வேண்டும். இவளைப் போன்ற பலரும் யாரோ எப்போதோ எழுதிவைத்த ஒரே டிரைவரைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். அதில் திருடர் நுழையக்கூடிய ஒரு ஓட்டை இருப்பதாகக் கண்டுபிடித்து, வைரஸ் பாதுகாப்பு சாஃப்ட்வேர்கள் எல்லாம் ஒரே நாளில் அதைப் பிடித்து அழிக்க ஆரம்பித்துவிட்டன. காய்ச்சல் வைத்திருந்த மெஷினிலெல்லாம் சிவப்பு எச்சரிக்கை. அவளுக்கு வந்த கடிதங்களில் பாதி, "ஏன் ஐயா, எத்தனை வருடமாக எங்களை உளவு பார்க்கிறாய்?" என்று கேட்டன. அவள் பெண் என்பதே யாருக்கும் தெரியாது.

அவள் சொந்தமாகப் புது டிரைவர் எழுதினாள். மூன்று வாரத்தில் முடித்துவிட்டாள். ஆனால் கையெழுத்து இல்லாத டிரைவரைக் கம்ப்யூட்டர் உள்ளே விடாது. அந்த டிஜிட்டல் கையெழுத்தைத் தருவதற்கென்று வெளிநாட்டுக் கம்பெனிகள் இருக்கின்றன. நீ யார், உன் தொழில் எந்த முகவரியில் நடக்கிறது என்று சோதித்துவிட்டுத்தான் தருவார்கள்.

அங்கேதான் வந்தது வினை. கோலிக்கு முகவரி என்று எதை எழுதுவது? கரண்ட் பில் கீழ்த்தளத்துக்காரர் பெயரில். தாராவியை இடித்துக் கட்டுவதற்காகச் சர்வேக்கு வந்தவர்கள் கீழ்க் கதவில் மட்டும் நம்பர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஆதார் அட்டையில் 'மசூதி எதிரில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்' என்று இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், பான் கார்டில் இன்னொன்று, வாக்காளர் அட்டையில் 'ஏசியா பேகம்'. சோதிக்கிற கம்பெனிப் பெண் வீடியோவில் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "ஏசியா என்பது உங்கள் பெயரா, நீங்கள் வியாபாரம் செய்யும் பகுதியா?" பிறகு, "நீங்கள் சொன்ன தெரு எங்கள் வரைபடத்தில் இல்லையே" என்றாள். ஆஸியா போனைத் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்கி, சந்துமுனையைக் காட்டி, மசூதியைக் காட்டி, தொட்டியையும் காட்டினாள். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

அவள் முகம் வாடியிருந்ததைப் பார்த்து அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டார். கேட்டதும், "இவ்வளவுதானாம்மா? நம்ம கம்பெனி பேருல வாங்கிப் போடு. ரிஜிஸ்டர் ஆன கம்பெனி, லேண்ட்லைன் இருக்கு, இருபத்தெட்டு வருசமா ஒரே அட்ரஸ்" என்றார். உண்மையிலேயே உதவத்தான் நினைத்தார். சோதனைக்காக லேண்ட்லைனில் அழைப்பு வந்தபோது நான்தான் எடுத்தேன். "ஆமாம், இங்கே இப்படி ஒரு கம்பெனி இருக்கிறது. ஆமாம், இந்த வேலை எங்களுடையதுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த இரண்டாவது 'ஆமாம்' இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

பத்து நாளில் கூரியரில் விரல் நீளத்துக்கு ஒரு கருவி வந்தது. பென் டிரைவ் மாதிரி. கையெழுத்து அதற்குள்தான் இருக்கிறது. அதைச் சொருகி, பாஸ்வேர்டு போட்டால்தான் ஒரு பதிப்பு வெளியே போகும். அண்ணாச்சி தானே ஒரு பாஸ்வேர்டு வைத்து, கருவியை ஸ்டீல் பீரோவில் செக் புத்தகத்தோடு வைத்துப் பூட்டினார். முதல் கையெழுத்தை அவரே போட்டார். ஆஸியா தன் மெஷினில் புதுக் காய்ச்சலைத் திறந்தாள். திரையில் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. வெளியிட்டவர்: காந்திமதி சிஸ்டம்ஸ்.

"நல்லா இருக்குல்லா?" என்றார் அண்ணாச்சி.

"நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றாள் ஆஸியா.

அதற்குப் பிறகு ஒரு எண்ணை மாற்றுவதானாலும் அவள் அண்ணாச்சி முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. அவர் மறுத்ததில்லை. காபி வரச் சொல்வார், கண்ணாடி போட்டுக்கொண்டு என்ன மாற்றம் என்று விளக்கச் சொல்வார், பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒரு கையால் விசைப்பலகையை மறைத்துக்கொள்வார். கொஞ்ச நாளில் கஸ்டமர்களிடம், "உலகம் பூரா ஓடுது, நம்ம ப்ராடக்ட்" என்று சொல்ல ஆரம்பித்தார். செம்பூரில் ஒரு பாங்க் பராமரிப்புக் கான்ட்ராக்ட் அந்தப் பேச்சில்தான் கிடைத்தது. பயனர்கள் கேட்கிறார்கள் என்று விசிறி வேகத்தையும் காய்ச்சலே கூட்டிக் குறைக்கிற வசதியை ஆஸியா அப்போதுதான் சேர்த்தாள்.

அந்தச் சமயம் ஐரோலியில் ஒரு பெரிய சர்வர் கம்பெனியில் இருந்து அவளுக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. நூற்றுக்கணக்கான மெஷின்களின் சூட்டைக் கண்காணிக்கிற வேலை. அவளுக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. இன்டர்வியூவில் காய்ச்சலைப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் பேசினார்களாம். கடைசியில் ஒருவர் கேட்டார், "ஆனால் வெளியிட்டவர் வேறு கம்பெனியாக இருக்கிறதே? நீங்கள் எழுதியதுதான் என்று அவர்களிடம் ஒரு லெட்டர் வாங்கிக் கொடுங்கள்."

அண்ணாச்சியிடம் கேட்டாள். அவர் வெகுநேரம் பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"காந்திமதி பேருல வந்திருக்கத, வேற ஒருத்தர் எழுதினதுன்னு நானே எழுதிக் குடுத்தா பாங்க்காரன் என்னம்மா நினைப்பான்? கான்ட்ராக்ட் முடியட்டும். அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

ஆஸியா இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஐரோலிக்காரர்கள் மூன்று வாரம் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். "நீ ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம்" என்று நான் சொன்னபோது, "சொன்னா பீரோ பூட்டிக்கிடும்க்கா" என்றாள்.

அண்ணாச்சி மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போன இரண்டாம் வாரம் கொல்லத்தில் இருந்து ஒரு பெண் எழுதினாள். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். புது லேப்டாப். காய்ச்சல் ஐம்பத்திரண்டு என்று பச்சையில் காட்டுகிறது, விசிறி மெதுவாக ஓடுகிறது, ஆனால் விசைப்பலகையில் விரல் வைக்க முடியவில்லை. இரண்டு முறை தானாக அணைந்து, மூன்றாம் முறை எழுந்திருக்கவில்லை.

ஆஸியா அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் புது வரிசைச் சிப்புகளுக்குள் கணக்குப் போடுகிற மூளைகள், பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு வகை உண்டு. அவளுடைய டிரைவர் சின்னவற்றிடம் மட்டும் சூடு கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவை கொதித்துக்கொண்டிருக்க, காய்ச்சல் விசிறியைக் குறைத்து வைத்திருந்தது. தப்பு முழுக்க அவளுடையது. அவள் அதை ஒரு நிமிடம்கூட மறுக்கவில்லை. இரண்டு நாளில் சரிசெய்தாள். சரிசெய்ததை வெளியே அனுப்பக் கையெழுத்து வேண்டும்.

பீரோ சாவி என்னிடம் இருந்தது. கருவியை எடுத்துச் சொருகினோம். ஐந்து முறை தப்பாக அடித்தால் அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் என்றாள். நான் கம்பெனி பெயரை அடித்துப் பார்த்தேன். தப்பு. மகள் பெயரையும் பிறந்த வருடத்தையும் அடித்தேன். தப்பு. மூன்றாவதை அடிக்கப் போகையில் ஆஸியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா. நாம திருடுத மாதிரி இருக்கு." கருவியைப் பிடுங்கித் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

பிறகு அண்ணாச்சியைப் போனில் பிடித்தோம். ஸ்பீக்கரில் பேரப்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. ஆஸியா எல்லாவற்றையும் சொன்னாள்.

"அது கையெழுத்துல்லாம்மா. கையெழுத்த யாராவது போன்ல குடுப்பாங்களா? அஞ்சு வாரத்துல வந்துருவேன். வந்து பாத்துட்டுப் போடுதேன்."

"அஞ்சு வாரத்துல எத்தன மெஷின் போகுமோ தெரியாது அண்ணாச்சி. நீங்க அங்கேயிருந்தே திரையப் பாத்துக்கிட்டே..."

"பதட்டப்படாத. நம்ம பேருல ஒரு பொருள் வெளிய போகுதுன்னா நான் கண்ணால பாக்கணும்."

அவர் வைத்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெறும் செக்கில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காத மனிதர் அவர்.

ஆஸியா நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் நான்கு மணி இருக்கும், எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, காய்ச்சலின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். கையெழுத்துத் தேவைப்படாத இடம் அது ஒன்றுதான். பதிப்பு முழுவதையும் அங்கிருந்து எடுத்துவிட்டு எழுதினாள். இது தப்பாகக் காட்டுகிறது. உங்கள் மெஷினை இது கெடுக்கலாம். தயவுசெய்து உடனே நீக்கிவிடுங்கள். திருத்தியதை என்னால் இப்போது அனுப்ப முடியாது. தப்பு என்னுடையது. கீழே, முதல்முறையாகத் தன் பெயரை முழுதாகப் போட்டாள்: ஆஸியா ஹனீப், தாராவி, மும்பை.

இரண்டு நாளில் பாங்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு அமெரிக்காவுக்கே போன் செய்துவிட்டார்கள். அண்ணாச்சி கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தோம். கத்தவில்லை.

"காந்திமதி எங்க அம்மா பேருட்டி. பாக்கிற பெட்டியில எல்லாம் எங்க அம்மா பேரு. அது கூடாத பொருள்னு ஊர் உலகத்துக்கு எழுதிட்டியே."

ஆஸியா போனைப் பிடித்தபடி அழுதாள். ஆனால் எழுதியதை எடுக்கவில்லை.

அவர் திரும்பி வந்த அன்று பெட்டியைக்கூட வீட்டில் இறக்கவில்லை. நேராக ஆபீசுக்கு வந்து, திருத்தத்தைப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். மறுநாள் வக்கீல் எழுதிக் கொடுத்த ஒரு தாளை அவள் முன்னால் வைத்தார். காய்ச்சல் காந்திமதி சிஸ்டம்ஸின் சொத்து, இனி அதைப் பற்றி எங்கே எதை எழுதினாலும் கம்பெனியின் அனுமதி வேண்டும் என்று இருந்தது.

ஒரு நாள் அவகாசம் கேட்டு, தாளை வீட்டுக்குக் கொண்டுபோனாள். இஜாஸ் படித்துவிட்டு, "போட்டுரு. தொலையட்டும். வேலை முக்கியம்" என்றாராம். கொஞ்ச நேரம் கழித்து, "போடாத" என்றாராம்.

மறுநாள் காலை பத்தரைக்கு அவள் அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது.

"அண்ணாச்சி, இதுல கையெழுத்துப் போட மாட்டேன். வேலையையும் நானா விட மாட்டேன். காய்ச்சலுக்கு நான் எழுதின சோர்ஸ் கோடு எல்லாத்தையும் வெளிய போடப் போறேன். யாரு வேணா எடுத்து, அவங்க பேருல கையெழுத்து வச்சு நடத்திக்கிடட்டும். உங்க அம்மா பேரு இனிமே எந்தப் பெட்டியிலயும் வராது. நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க."

"நான் உனக்குக் கெடுதலா செஞ்சேன்?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப ஏன்?"

அவள் தாளை மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பதினோரு வருடம் எழுதியதை எல்லோருக்கும் திறந்துவிட அவளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கொல்லத்துப் பெண்ணுக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

அண்ணாச்சி அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்ப முடியாது. பாதிக் கஸ்டமர்களின் மெஷின் எதனால் ஓடுகிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். பாங்க் கான்ட்ராக்ட்டும் அவள் நேரில் போய் ஒரு வாரம் உட்கார்ந்ததால்தான் தப்பித்தது. மூன்று மாதம் அவர் அவளோடு என் மூலமாகத்தான் பேசினார். "அவள வரச் சொல்லு", "அவகிட்ட கேளு". இப்போது நேரே பேசுகிறார், வேலை விஷயம் மட்டும்.

செக் நாட்டில் நான்கு பேர் சேர்ந்து காய்ச்சலை எடுத்து, வேறு பெயர் வைத்து நடத்துகிறார்கள். போன மாதம் புது சிப்புகள் வந்தபோது அவர்கள்தான் பதிப்புப் போட்டார்கள். ஆஸியா அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். இடையில் அவர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்தது, ஏதோ பழைய சிப்பின் எல்லை என்ன என்று. மனப்பாடமாக இருந்த எண்ணை அனுப்பிவிட்டுக் கை கழுவப் போனாள்.

நேற்று ஐரோலி கம்பெனி மறுபடி ஆள் கேட்டு விளம்பரம் போட்டிருந்தது. அவளிடம் காட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"இப்ப நான் போனா அண்ணாச்சி கடைய மூடணும்க்கா. அஃப்ஷா வேற இப்பத்தான் அஞ்சாங்கிளாஸ். கோலிய எப்ப காலி பண்ணச் சொல்லுவாங்களோ தெரியல."

"அதெல்லாம் கிடக்கட்டும். நீ போணும்னு நினைக்கியா இல்லையா?"

பைக்குள் டூல் கிட்டை வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். செம்பூரில் ஒரு கிளினிக்கில் இரண்டு மெஷின் எழுந்திருக்கவில்லை என்று காலையிலேயே போன் வந்திருந்தது.

"நினைக்கேன்" என்றாள். படியிறங்கப் போனவள் திரும்பி, அண்ணாச்சியின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அத என் போனுக்கு அனுப்பி வைங்க" என்றாள்.

அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீல டிக் விழுந்தது.